சாயும் வண்டி, சாயாத வண்டி

பறவை திரும்ப வேண்டுமானால் முதலில் சாய வேண்டும். வலப்பக்கம் போக நினைக்கும் பருந்து வலச்சிறகைத் தாழ்த்தி இடச்சிறகை உயர்த்துகிறது. சிறகுகளுக்குக் காற்று தரும் தூக்குவிசை அதுவரை நேர்மேலே இருந்தது; இப்போது வலப்பக்கமாகச் சரிகிறது. அப்படிச் சரிந்த பங்குதான் பருந்தை வட்டப்பாதைக்குள் இழுக்கிறது. சிறகு ஒன்றை இழந்த பறவையால் மேலே எழ முடியாது என்பது நமக்குத் தெரியும். அதனால் திரும்பவும் முடியாது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழியில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ராவணனிடம் சிறகை இழந்து விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். 108 திவ்யதேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலின் குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் அங்கே நின்றால், சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும் மோட்டார்சைக்கிள்களைப் பார்க்கலாம். ஆம்பூரில் சாப்பாடு, இல்லையென்றால் ஏலகிரி. இந்த நெடுஞ்சாலை பெரும்பாலும் நேர்கோடு. ஓட்டுபவர்களுக்கு இது வெறும் வழி. அவர்கள் தேடிப் போவது ஏலகிரியின் 14 வளைவுகளை. இன்னும் ஆசை மிகுந்தவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போவார்கள். வளைவுக்காக இருநூறு முந்நூறு கிலோமீட்டர் போகும் இந்த மனிதர்களிடம் மூன்று சக்கர ரோட்ஸ்டர் ஒன்றைக் கொடுத்தால் மகிழ்வார்களா?

உலகச் சந்தையில் அப்படிப்பட்ட வண்டிகள் பல. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று; ஹேண்டில்பார் உண்டு; காலைப் போட்டு உட்கார வேண்டும். அமெரிக்காவின் போலாரிஸ் 2014இல் அறிமுகம் செய்த ஸ்லிங்ஷாட்டிலும் சக்கர அமைப்பு அதேதான். ஆனால் அதில் ஸ்டியரிங் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலம். இங்கிலாந்தின் மோர்கன் இவற்றுக்கெல்லாம் மூத்தது. மால்வர்ன் ஊரில் எச்.எஃப்.எஸ். மோர்கன் தன் முதல் மூன்று சக்கர வண்டியைக் கட்டியது 1909இல். மோட்டார்சைக்கிளின் வி-ட்வின் எஞ்சின், காருக்குரிய உட்காரும் இடம், மோட்டார்சைக்கிளுக்கு உண்டான குறைந்த வரி. பல பத்தாண்டுகள் ஓடிய அந்த வடிவத்தை அதே நிறுவனம் 2011இல் மறுபடியும் காட்சிக்கு வைத்தது. 2022இல் சூப்பர் 3 என்று புதிதாகவும் செய்தது. அழகான வண்டிகள்தான். ஆனாலும் மோட்டார்சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் இவற்றைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு தங்கள் வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். இதை வீம்பு என்று தள்ளிவிட முடியாது. உடம்புக்குத் தெரிந்த இயற்பியல் ஒன்று இதில் இருக்கிறது.

இருசக்கர வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் ஆரம் கொண்ட வளைவை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை வளைவதற்கு வண்டியின் எடையில் சுமார் 57 விழுக்காட்டுக்குச் சமமான விசை உள்பக்கமாகத் தேவை. டயரும் தரையும் சேர்ந்து அதைத் தருகின்றன. அந்த விசை வண்டியை வெளிப்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். கவிழாமலிருக்க வண்டியும் ஆளும் சுமார் 30 டிகிரி உள்பக்கம் சாய வேண்டும். கூட்டிப் பார்த்தால், வளைவு முழுக்க ஓட்டுபவர் உணரும் மொத்த விசை அவர் முதுகெலும்பின் நேரிலேயே இருக்கிறது. எடை 15 விழுக்காடு கூடியதுபோல இருக்கையில் அழுத்துகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் தள்ளுவது எதுவும் இல்லை. டேங்க் மேல் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை நிமிர்த்திக் கட்டியிருந்தால், வண்டி சாய்ந்தபோதும் நீர்மட்டம் பாட்டிலின் அடிப்பக்கத்துக்கு இணையாகவே நிற்கும்.

நம் உள்காதில் சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்த மென்படலம் ஒன்று இருக்கிறது. எது கீழ் என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. இரண்டும் கூடிய திசையையே அது கீழ் என்று சொல்லும். சாயும் வண்டியில் அந்தத் திசை உடம்பை விட்டு விலகுவதே இல்லை. உலகம் சாய்கிறது, நான் நேராக இருக்கிறேன் என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. வளைவை எடுத்து முடித்தவரின் முகத்தில் தெரியும் நிறைவுக்கு இதுதான் வேர் என்று நான் நினைக்கிறேன். வட்டமிடும் பருந்தின் உடம்பும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

சாய்வுக்கும் திருப்பத்துக்கும் உள்ள இந்த உறவை விமானத்தில் செயலாக்கியவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்களின் காலத்தில், விமானம் செய்ய முயன்ற வேறு பலர் அது கப்பலைப்போலச் சாயாமல், சுக்கானால் மட்டும் திரும்ப வேண்டும் என்று எண்ணினார்கள். ரைட் சகோதரர்கள் பறவையைப் பார்த்தார்கள், சைக்கிளையும் அறிந்திருந்தார்கள். சாயாமல் திரும்புவது சரிப்படாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிறகை முறுக்கிச் சாய்க்கும் ஏற்பாட்டோடு 1903இல் பறந்தார்கள். வில்பர் ரைட் இன்னொன்றையும் கவனித்திருந்தார். இடப்பக்கம் திரும்ப விரும்பும் சைக்கிள்காரர் தன்னை அறியாமலே முன்சக்கரத்தை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறார். சக்கரம் வலப்பக்கமாக நகர்ந்துவிட, மேலுள்ள உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. அதன் பிறகுதான் ஹேண்டில்பார் இடப்பக்கம் வருகிறது. கேட்டுப் பார்த்தால் யாரும் இதைச் சரியாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் முழங்கால் தரையை உரச வளைவெடுக்கும் வீரர் இதைத் தெரிந்தே செய்கிறார். காய்கறிப் பையோடு போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்காரர் தெரியாமல் செய்கிறார்.

இப்போது அதே வளைவில், அதே வேகத்தில் ஸ்பைடரை விடுவோம். வண்டி சாயாது. எடையில் பாதிக்கு மேலான விசை உங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். காலைப் போட்டு உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் தாங்க எதுவுமில்லை. கை ஹேண்டில்பாரை இறுகப் பற்றும். பற்றிய கை அதை இழுக்கும். இழுத்தால் வண்டி திரும்பும். இடப்பக்கம் திரும்ப நினைத்து, பழக்க தோஷத்தில் இடப்பக்கப் பிடியை முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். பல ஆண்டுகள் சேர்த்துவைத்த கைப்பழக்கம் இங்கே எதிரியாகிவிடுகிறது. ஆட்டோ ஓட்டிப் பார்க்க ஏறிய பைக்காரர்களுக்கு இந்தத் தடுமாற்றம் நன்றாகத் தெரியும். முதல் திருப்பத்தில் உடம்பு சாயும், வண்டி சாயாது. ஹேண்டிலைக் காரைப்போல நேரடியாகத் திருப்ப வேண்டும் என்று கை ஒப்புக்கொள்ள நேரம் பிடிக்கும்.

ஆகவே, ஸ்பைடரைவிட ஸ்லிங்ஷாட்டும் மோர்கனும் நேர்மையான வண்டிகள் என்பது என் எண்ணம். அவை பைக் வேடம் போடவில்லை. ஸ்டியரிங் கையில் இருப்பதால் பழைய பழக்கம் குறுக்கே வராது. இடுப்பை அணைக்கும் இருக்கை பக்கவிசையைத் தாங்கிக்கொள்ளும். தரையை ஒட்டி உட்கார்வதால் 60 கூட 100 போலத் தோன்றும். முகத்தில் காற்று, மண் வாசனை, எஞ்சின் சத்தம் எல்லாம் உண்டு. பைக்காரர் விரும்பும் பலவற்றை இவை தருகின்றன. அவர் மிகவும் விரும்பும் ஒன்றை மட்டும் தருவதில்லை.

மூன்று சக்கரத்துக்கென்று ஒரு நற்குணம் உண்டு. முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. மூன்று சக்கரமும் அப்படியே எப்போதும் தரையைத் தொட்டு நிற்கும். பட்டினப்பாலையில் சிறுவர்கள் உருட்டி விளையாடும் தேருக்கும் மூன்று சக்கரம்தான். இன்றும் குழந்தைக்கு வாங்கித் தரும் மர நடைவண்டிக்கு மூன்று. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கும் மூன்று. ஒரே முன்சக்கரம் என்றால் திருப்பும் பொறியமைப்பு எளிது. நின்றால் நிலைக்கும் வண்டி இது. வளைவில் நிலைக்குமா என்பதை ஒற்றைச் சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு வண்டியின் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். ஒற்றைச் சக்கரத்துக்கும் இரட்டைக்கும் நடுவே 2 மீட்டர். எடைமையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில், ஒற்றைச் சக்கரத்திலிருந்து இரட்டைச் சக்கரங்களின் பக்கமாக மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கட்டும். நான்கு சக்கர வண்டியைக் கவிழ்க்க வேண்டுமானால் வெளிப்பக்கச் சக்கரங்களை இணைக்கும் கோட்டைத் தாண்டித் தள்ள வேண்டும். மூன்று சக்கரத்தில் அந்தக் கோடு ஒற்றைச் சக்கரத்தை நோக்கிச் சரிந்து ஓடுவதால் எடைமையத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. விளைவு: 20 மீட்டர் ஆர வளைவில், இதே அகலமும் உயரமும் கொண்ட நான்கு சக்கர வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வரை தாங்கினால், மூன்று சக்கர வண்டி 41இல் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

அந்த வளைவில் பயந்துபோய் பிரேக்கை மிதித்தால்? ஒற்றைச் சக்கரம் முன்னால் இருக்கும் ஆட்டோவில் பாரம் முன்பக்கம், அதாவது முக்கோணத்தின் கூர்முனைக்கு ஓடும். மிதமான பிரேக்கில்கூட 41 என்பது 38 ஆகிவிடும். ஒற்றைச் சக்கரம் பின்னால் இருந்தால் பாரம் அகலமான பக்கத்துக்குப் போகும். 41 என்பது 44 ஆகும். பயந்தவனைக் காப்பாற்றும் அமைப்பு ஒன்று, கவிழ்க்கும் அமைப்பு மற்றொன்று. மோர்கனும் ஸ்பைடரும் ஸ்லிங்ஷாட்டும் இரட்டைச் சக்கரத்தை முன்னால் வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்லிங்ஷாட் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பது, டயர் வழுக்கிய பிறகும் சக்கரம் தூக்காமலிருக்க. வழுக்கும் வண்டியை மீட்கலாம். கவிழும் வண்டியை மீட்பது கடினம்.

சென்னைக்காரர்களுக்கு இந்த முன்னிரட்டை அமைப்பு புதிதல்ல. மீன்பாடி வண்டிக்கும் அதே வடிவம்: முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் சரக்குத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவர். பதிவெண் இல்லாமல் ஓடி நீதிமன்றம் வரை போன அந்த வண்டியில் பிரேக்கும் விளக்கும் பெயருக்குத்தான். அதைப் புகழ நான் வரவில்லை. சக்கரங்களை வைத்த இடம் மட்டும் சரி.

ஆட்டோ சாயாத வண்டி என்று சொன்னேன். அதைச் சாய வைத்தவர் சென்னைக்காரர் ஒருவர். 2011 பிப்ரவரியில் மும்பை ஜுஹு விமானத் தளத்தில் ஜெகதீஷ் என்ற ஆட்டோ ஓட்டுநர், ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி மீதி இரண்டில் மட்டும் 2.2 கிலோமீட்டர் ஓட்டிக் கின்னஸ் சாதனை படைத்தார். தைரியம் மட்டும் இதற்குப் போதாது. மூன்றாவது சக்கரம் தரையை விட்ட அந்த நொடியில் ஆட்டோ என்பது முன்னொன்று பின்னொன்றாகச் சக்கரம் கொண்ட, பக்கவாட்டில் பெருத்த ஒரு மோட்டார்சைக்கிள். அதுவரை திருப்ப மட்டுமே பயன்பட்ட ஹேண்டில், இப்போது முதலில் சமநிலைக்கு, பிறகுதான் திருப்ப. விழும் பக்கம் ஹேண்டிலைத் திருப்பி, சக்கரங்களை எடைக்குக் கீழே கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வகை வண்டியின் ஓட்டுமுறையையும் கையில் வைத்திருந்தவர் அவர்.

அந்த இரண்டு வகைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்டி ருய்னாவின் குழு சோதித்துப் பார்த்தது. சைக்கிளின் இருபுறமும் துணைச்சக்கரங்களை வைத்து, அவற்றின் சுருள்வில்லை இறுக்கியும் தளர்த்தியும், ஒரு முனையில் முழு சைக்கிளாகவும் மறுமுனையில் மூன்று சக்கர வண்டியாகவும் நடக்கும் ஒரு வாகனத்தைச் செய்தார்கள். நடுவில் ஓரிடத்தில் வில்லின் எதிர்ப்பும் புவியீர்ப்பின் கவிழ்ப்பும் சரிசமமாகி, சாய்வைப் பொறுத்தவரை ஈர்ப்பே இல்லாததுபோல் ஆகிவிடும். 2014இல் வெளியான அவர்கள் கட்டுரையின் முடிவு வியப்பானது: அந்த நிலையில் வண்டியைச் சமநிலையில் வைக்கலாம், அல்லது திருப்பலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. விழ வைக்கும் ஈர்ப்புதான் சைக்கிளைத் திரும்பவும் வைக்கிறது.

அப்படியானால் மூன்று சக்கரமும் வேண்டும், சாய்வும் வேண்டும் என்பவர்களுக்கு என்ன வழி? கீல். திருப்புட்குழிக் கோயிலில் உறுப்புகள் அசையும்படி மூட்டு வைத்துச் செய்த மரக்குதிரை வாகனம் ஒன்று பேர்போனது. தச்சர் மரத்தில் வைத்த மூட்டைப் பொறியாளர் அலுமினியத்தில் வைத்தால் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து சாயும். பியாஜியோ 2006இல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டரில் முன்சக்கரங்களை நான்கு கைகள் கொண்ட இணைகரம் ஒன்று பிடித்திருக்கிறது. வண்டி சாயும்போது இணைகரம் நெளிகிறது, இரண்டு சக்கரமும் ஒரே கோணத்தில் சாய்கின்றன. நிற்கும்போது ஒரு பூட்டு விழுந்து இணைகரத்தைப் பிடித்துக்கொள்ளும். காலை ஊன்ற வேண்டியதில்லை. யமஹா 2018இல் விற்பனைக்கு விட்ட நிக்கென் இதே எண்ணத்தைப் பெரிய பைக்கில் செய்தது: 847 சிசி, 45 டிகிரி வரை சாய்வு, எடை 263 கிலோ. இதை ஓட்ட எதையும் மறக்க வேண்டியதில்லை. அதே எதிர்த்திருப்பல், அதே சாய்வு. சாலையோர மணலில் ஒரு முன்சக்கரம் வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். முன்சக்கரம் வழுக்கி விழுந்த அனுபவமுள்ள எவருக்கும் அதன் அருமை தெரியும். மூன்று சக்கரம் மோட்டார்சைக்கிள்காரருக்குப் பிடிக்குமா என்ற கேள்வியை நான் சக்கரத்தை எண்ணி அளக்க மாட்டேன். வண்டி சாய்கிறதா என்று பார்ப்பேன்.

சட்டம் வேறு வகையில் எண்ணுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார்சைக்கிள் என்பது இருசக்கர வண்டி. கழற்றக்கூடிய சைடுகாரை மாட்டினால் சக்கரம் மூன்றானாலும் அது மோட்டார்சைக்கிள்தான். சைடுகார் மாட்டிய புல்லட் சாயாது. இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் காலியான சைடுகார் மேலே எழும். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் பைக். சாயும் நிக்கெனோ அந்த வரையறைக்குள் வராது.

சாயாத மூன்று சக்கரத்தை மனதார விரும்பும் மோட்டார்சைக்கிள்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களை மதிக்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்கள், சிக்னலில் 200 கிலோவைத் தாங்க முடியாதவர்கள், விபத்தில் காலை இழந்தவர்கள். ஹார்லி-டேவிட்சன் 2009 முதல் விற்கும் ட்ரை கிளைடு பெரும்பாலும் வயதானவர்களுக்கான வண்டி. அவர்கள் வளைவின் சுகத்தை விட்டுக்கொடுத்துச் சாலையைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே இருந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நம் ஊரில் அந்த நிலையில் இருப்பவர்களின் வண்டி ட்ரை கிளைடு அல்ல, சைடு வீல் ஸ்கூட்டர். இரு கால்களும் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை விலையில்லாமல் தருகிறது. காஞ்சிபுரம் தெருக்களில் ஊன்றுகோலை ஓரத்தில் செருகிக்கொண்டு, தறிச்சாமான் பையோடு போகிறவர்களைக் காணலாம். அந்த வண்டியைத் தரையில் தாங்கும் முக்கோணம் ஆட்டோவின் முக்கோணமே: கூர்முனை முன்னால். வளைவில் பிரேக் பிடித்தால் நடப்பதும் அதுவே. நடுவில் உயர்ந்து ஓரம் சரியும் சாலையில் வண்டி எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே போகும். முதுகு அதைச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இருபுறச் சக்கரங்கள் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, ஓட்டும் சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும். ஓட்டிப் பழகியவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் வளைத்து, பிரேக்கைத் தொடாமல் திரும்புவார்கள். மேலே நாம் போட்ட கணக்கின் விடை அதுதான். யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எம்பி3இல் உள்ள இணைகரமும் பூட்டும் மிகவும் தேவைப்படுவது இந்த ஸ்கூட்டருக்குத்தான். நாலைந்து இரும்புக் கைகள், எட்டுக் கீல்கள், நிற்கும்போது கையாலேயே போடக்கூடிய ஒரு பூட்டு. இணைப்புச் சக்கரங்கள் ஸ்கூட்டரோடு சேர்ந்து சாய்ந்தால் ஓரச்சரிவில் முதுகு நேராக இருக்கும், வளைவில் பக்கத்தள்ளல் இருக்காது, நின்றால் வண்டி விழாது. கடினமான பகுதி பூட்டுதான்: வண்டி சாய்ந்திருக்கும்போது அது விழக்கூடாது, நிற்பதற்கு முன் விழாமல் இருக்கவும் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று ராயல் என்பீல்டும் யமஹாவும் வண்டி செய்து குவிக்கும் வட்டாரம் இது. அதைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் எடுத்துச் செய்ய இதைவிடப் பயனுள்ள திட்டப்பணி எனக்குத் தெரிந்து இல்லை. வடிவமைக்கும்போது அந்த ஸ்கூட்டரைத் தினமும் ஓட்டுகிறவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு எந்த வேகத்தில் விழ வேண்டும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.